கேசட்டுக்கு வைத்த முறை

சென்னையில் அந்த வீடியோ கேம் கடையின் உள்ளறையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். நான், பழவேற்காட்டு மாடிவீட்டு நண்பன், திருப்பாலைவனத்து நண்பன், கடை முதலாளி, டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் சுவரோரம் நின்ற அவருடைய ஆள். இல்லாதவர்கள் எங்கள் குப்பத்துக்காரர்கள். ஏரியில் யார் எங்கே வலை இறக்குவது என்று பேசும்போது எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்து மணலில் உட்கார்ந்தாக வேண்டும். ஒருவர் வரவில்லை என்றாலும் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். அப்படி எல்லார் முன்னாலும் பேசி முடித்ததைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்லி நான் பார்த்ததில்லை. எழுதிவைப்பதும் கிடையாது. அந்தப் பழக்கத்தை, ஊரை மட்டும் விட்டுவிட்டு, ஏசி ஓடும் ஓர் அறைக்குள் தூக்கிக்கொண்டு போனோம். எங்களிடம் இருந்தது நாங்களே செய்த ஒரே ஒரு வீடியோ கேம். அது கையை விட்டுப் போனால் நாங்கள் ‘கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டிருந்ததும் போய்விடும். இது எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போனோம்.

கம்பெனி என்று நான் முதலில் வீட்டில் சொன்னபோது நைனா வலையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் இறால் வாங்க வருகிற கம்பெனிதான்.

“கம்பெனியா? அப்ப ஐஸ் பொட்டி எங்க, லாரி எங்க?” என்றார்.

“அதில்ல நைனா. கம்ப்யூட்டர்ல விளையாட்டு செய்யற கம்பெனி.”

“விளையாட்டு செய்யறதுக்கு கம்பெனியா?” என்று சொல்லிவிட்டு, வலைக்கண்ணை இழுத்து முடிந்தபடி, “சம்பளம் யாரு குடுப்பா?” என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பொன்னேரியில் கணக்குப் படித்துப் பட்டமும் வாங்கியாயிற்று. இனி ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். நானோ தினமும் படகேறி அக்கரைக்குப் போய், மாடிவீட்டு நண்பனின் மேல் அறையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அந்த அறையில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. நண்பனின் மாமா சிங்கப்பூரில் வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு முறை ஊருக்கு வந்தபோது, ரப்பர் பட்டன்கள் வைத்த, ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய சின்ன கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது, “அடுத்த தடவை வர்ற வரைக்கும் வெச்சிரு, பத்திரம்” என்று சொல்லி மருமகனிடம் விட்டுப்போனார். டிவியில் மாட்டினால் படம் தெரியும். எழுதுகிற புரோகிராமைச் சாதாரண டேப் ரிகார்டரில், சாதாரண கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். மறுபடி ஏற்றும்போது அந்த கேசட் கீச்சிடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

“மேல இன்னா, பூனைய கழுத்த நெரிக்கிறீங்களா?” என்று நண்பனின் வாப்பா கீழிருந்து கேட்பார்.

மூன்றாவது ஆள் திருப்பாலைவனத்துக்காரன். நெல் விளைவிக்கிற குடும்பம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ரேடியோ பழுதுபார்க்கிற கடை போட இடம் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் டிவியைச் சரிசெய்ய வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். கரண்ட் போனால் எழுதியது மொத்தமும் அழிந்துவிடும். பழவேற்காட்டில் கரண்ட் போகாத நாள் ஏது? பத்து வரி எழுதினால் ஒரு தடவை கேசட்டில் பதிந்துவிட வேண்டும் என்று அவன்தான் சட்டம் போட்டான். மீறியவன் செலவில் அன்றைய டீ.

கம்ப்யூட்டரோடு வந்த கேம்களில் எல்லாமே சுடுவதும் சாவதும்தான். எங்களுக்கு அது சீக்கிரம் அலுத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டைச் செய்யலாம் என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஏரி.

எங்கள் ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும் சில இடங்களில்தான் இறால் நிறைய விழும். இடங்கள் கொஞ்சம், வீடுகள் அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்துக்கொள்வார்கள். இதற்குத்தான் பாடு என்று பெயர். தன் முறை முடிந்தவன், மறுநாள் இறால் கொட்டப்போகிறது என்று தெரிந்தாலும், வலையைச் சுருட்டிக்கொண்டு விலகிவிட வேண்டும். உடம்பு சரியில்லாதவன் தன் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். அது அந்த ஒரு தடவைக்கு மட்டும். முறை அந்த வீட்டுக்கு உரியது. அதை யாரும் விலைபேசுவதில்லை, விட்டுக்கொடுத்ததற்குக் காசு வாங்குவதும் இல்லை.

இதை அப்படியே கேமாகச் செய்தோம். இரண்டு பேர் ஆடலாம். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று சொல்லும். அமாவாசையும் ஏற்றவற்றமும் பார்த்து வலை இறக்க வேண்டும். அடுத்தவன் முறையில் அவன் இடத்தில் வலை இறக்கினால், பிடித்த இறால் எல்லாம் போய்விடும், திரையில் ஊர் கூடிவிடும், ஆட்டம் முடிந்தது. தமிழ் எழுத்து அந்த மெஷினில் கிடையாது. திருப்பாலைவனத்தான் கட்டம் போட்ட தாளில் எட்டுக்கு எட்டாகப் புள்ளி வைத்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தான். ‘றா’ இரண்டு கட்டம் கேட்டது. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி என்பதால் ஏரி சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. பாதி நாள் நிஜ ஏரியும் அப்படித்தான் இருக்கும்.

முடித்த பிறகு முதலில் ஆடியவர்கள் என் சித்தப்பாவும் அவருடைய மச்சானும். இறால் போட்டுவிட்டுப் பஜாருக்கு வந்தவர்களை மாடிக்கு அழைத்து வந்தேன்.

“தண்ணியே இல்லாத ஏரில மீன் புடிக்கறதுக்குத்தான் எம்.ஏ. படிச்சியாடா?” என்றார் சித்தப்பா.

“பி.எஸ்சி. சித்தப்பா.”

“ஏதோ ஒண்ணு. எங்க, எத்த அழுத்தணும்?”

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தரையில் முழங்காலிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.

“யோவ் மச்சான், அது என் எடம். எறங்காத.”

“நீ தூங்கினு இருக்கற. சும்மா கெடக்குற தண்ணி தானே?”

“என் முறைல நான் தூங்குவேன், குளிப்பேன், உனக்கு இன்னாயா?”

மச்சான் இறங்கிவிட்டார். திரையில் ஊர் கூடியது. அவர் பிடித்த இறால் எல்லாம் காணாமல் போயிற்று. மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்கு பயந்து மாடிக்கு வந்தா, இங்கயும் ஊரா?” என்றார். சித்தப்பா தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் இதை வெளியே கொண்டுபோகலாம் என்ற தைரியம் வந்தது.

சென்னையில் அந்த முதலாளி, எங்களிடம் இருந்ததைப் போன்ற கம்ப்யூட்டர்களை வைத்து, வீடியோ கேம் ஆடுகிற இடங்கள் சிலவற்றை நடத்தினார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். பொருட்காட்சி நேரத்தில் அங்கேயும் கடை போடுவார். எங்கள் கேசட்டை ஏற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரையும் சுட வேணாமா?” என்பதுதான்.

“வேணாம் சார்.”

“ஒரு பேய் கூட இல்லியே தம்பி. யாரு ஆடுவா இத?”

வெளியே இருந்த இரண்டு பேரை அழைத்து ஆடச் சொன்னார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது முதலாளி டீ சொன்னார்.

“இன்னா வேணும் உங்களுக்கு?”

இதை நாங்கள் பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தோம். நான் சொன்னேன்: “மூணு மாசம் உங்க முறை சார். நீங்க மட்டும் ஓட்டிக்கலாம், வர்ற காசு உங்களுது. அடுத்த மூணு மாசம் எங்க முறை. அப்ப நீங்க ஓட்டக்கூடாது. அதுக்கப்புறம் மறுபடி உங்களுது.”

“இது இன்னா, குத்தகையா?”

“இல்ல சார், முறை. எங்க ஊருல அப்படித்தான்.”

அவர் சிரித்தார். “சரி. வெச்சிக்கலாம்.”

காசு எதுவும் கேட்கவில்லை. முறைக்குக் காசு வாங்குவது எங்கள் பழக்கத்தில் இல்லை. கேசட்டைக் கொடுத்துவிட்டு, கைகொடுத்துவிட்டு வந்தோம். மாடிவீட்டு நண்பன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். அவனாவது ஏதாவது கேட்டிருப்பான் என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். அவனும் கேட்கவில்லை. அவனும் இந்த ஏரிக்கரையில் வளர்ந்தவன்தான். தவறு எங்கே என்று இன்று எனக்குத் தெரிகிறது. ஏரியில் ஓர் இடத்தில் ஒருவன் வலை இறக்கினால் அங்கே இன்னொருவன் இறக்க முடியாது. முறை முடிந்தால் அவன் விலகினானா இல்லையா என்பது கரையில் நிற்கிற எல்லார் கண்ணுக்கும் தெரியும். கேசட் அப்படி இல்லை. ஒரு டேப் ரிகார்டருக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ஓர் ஏரி இரண்டாகிவிடும். ஆனால் தெரியாமல் நம்பியது எங்கள் தவறு என்றால், தெரிந்துகொண்டே ‘சரி’ என்றவருடையதை என்னவென்று சொல்வது?

அவருடைய மூன்று மாதத்தில் நாங்கள் அந்தக் கேமைத் தொடவில்லை. எங்களிடம் இருந்த கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டோம். நண்பனின் வீட்டுக்குக் காயல்பட்டினத்தில் இருந்து வந்த உறவுக்காரப் பையன்கள் கெஞ்சியபோதுகூட அவன், “இப்ப எங்க முறை இல்ல” என்று சொல்லிவிட்டான். அந்த நாட்களில் இரண்டாவது கேமுக்கான வேலையைத் தொடங்கினோம். வாடைக் காற்றில் பாய் கட்டிப் படகு ஓட்டுகிற கேம். எங்கள் முறையில் வருகிற காசில் ஒரு கலர் டிவி வாங்கிவிட்டால் அதை முடித்துவிடலாம் என்று இருந்தோம்.

எங்கள் முறை பிறந்த அன்று, சொல்லிவிட்டு வரலாம் என்று மூவரும் சென்னைக்குப் போனோம். முதலாளி பெங்களூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். கேம் ஆடுகிற கூடத்துக்குள் எட்டிப் பார்த்தோம். நான்கு டிவியிலும் எங்கள் ஏரி ஓடிக்கொண்டிருந்தது. மேலே இங்கிலீஷில் வேறு பெயர். அதற்குக் கீழே ‘உருவாக்கியவர்’ என்று முதலாளியின் பெயர். புரோகிராமைத் திறந்து யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு பையன் அடுத்தவன் முறையில் அவன் இடத்தில் வலையை இறக்கினான். ஊர் கூடவில்லை. மணி அடித்தது, நூறு புள்ளி ஏறியது.

“சூப்பர், இன்னொரு தடவ அட்ரா” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

என் சித்தப்பா ஆடிய கேம் இது. திருடினால் தோற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேமை எழுதினோம். அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அதற்கு மேல் தன் பெயரையும் போட்டுக்கொள்ள ஒரு மனிதருக்கு எப்படிக் கை வந்தது? திருப்பாலைவனத்தான் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

“இங்க நின்னு கத்தினா ஒண்ணும் ஆவாது. நம்ம முறை, நாம ஓட்டுவோம்.”

ஓட்டினோம். பஸ் வழியில் ஒரு சிறிய டவுனில், சினிமா கொட்டகைக்கு எதிரே ஓர் அறை பிடித்தோம். டிவி, கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு. ஆட்டத்துக்கு எட்டணா. முதல் வாரம் சும்மா பார்க்க வந்தவர்கள் இரண்டாவது வாரம் வரிசையில் நின்றார்கள். எளாவூர் பக்கத்தில் இருந்து லாரி டிரைவர்கள் வந்து தெலுங்கில் திட்டிக்கொண்டே ஆடினார்கள். கம்பெனி என்று நான் சொன்னதற்கு முதல்முறையாக ஓர் அர்த்தம் வந்தது.

இரண்டாவது மாதம் முதலாளியின் ஆள், ஒரு கான்ஸ்டபிளை அழைத்துக்கொண்டு வந்தார். அன்று டீ கொண்டுவந்த அதே ஆள்.

“எங்க முதலாளியோட கேமை திருட்டுத்தனமா ஓட்டறாங்க” என்று எங்களைக் காட்டினார்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க நின்னுகினு தானே இருந்தீங்க? முறைன்னு பேசினோமே” என்றான் மாடிவீட்டு நண்பன்.

“நான் டீ குடுக்க வந்தவன்பா. எனக்கு இன்னா தெரியும்?” என்று அவர் தெருவைப் பார்த்தார்.

விசாரணைக்கு என்று சொல்லி டிவியையும் கம்ப்யூட்டரையும் எடுத்துப்போனார்கள். விசாரணை எதுவும் நடக்கவில்லை. மறுவாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டபோது, சாமான் சென்னைக் கடையில் இருக்கிறது, அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் சாமான் எப்படி அவர் கடைக்குப் போகும்? கேட்டேன். “படிச்ச பையன் மாதிரி பேசாத, போய் முடிச்சிக்க” என்று பதில் வந்தது. படித்த பையன் மாதிரிப் பேசக்கூடாது என்றால் எதற்குப் படித்தேன்?

இதற்கு நடுவில் சிங்கப்பூர் மாமா அடுத்த மாதம் வருவதாகத் தகவல் வந்தது. கம்ப்யூட்டர் அவருடையது. அது திரும்பி வராவிட்டால் இரண்டாவது கேமும் இல்லை, மருமகனுக்கு வீட்டில் முகமும் இல்லை.

மறுபடி அந்த ஏசி அறை. முதலாளி கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

“எழுத்துல எதுவும் இல்லியே தம்பி.”

“நீங்க சரின்னு சொன்னீங்க சார்.”

“சரின்னு நான் ஒரு நாளைக்கு எத்தினி பேருக்கு சொல்றேன்?”

டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினார். மேலிருந்து கீழே சரசரவென்று படித்துவிட்டேன். இந்த விளையாட்டு முழுவதும் அவருடைய படைப்பு, நாங்கள் அதை நகல் எடுத்து ஓட்டினோம், இனி செய்யமாட்டோம். கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட மூன்று கோடு.

“போட்டுட்டு சாமானை எடுத்துக்குங்க. ஒரு பைசா வேணாம். இல்லாங்காட்டி, நீங்க ஓட்டினதால எனக்கு ஆன நட்டத்தைக் கட்டிட்டு எடுத்துக்குங்க. உங்க இஷ்டம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று படிக்கட்டுக்கு வந்தோம்.

“போட்டுடலாம்டா. வெறும் கையெழுத்துதானே?” என்றான் திருப்பாலைவனத்தான். “நம்ம மூணு பேருக்கும் தெரியும் அது யாரோடதுன்னு.”

“மாமா வர்றாருடா” என்றான் மாடிவீட்டு நண்பன்.

எனக்கு நைனாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. இறால் கம்பெனிக்காரன் நீட்டுகிற தாளில் எல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மையில் தோய்த்து வைத்த விரல். அந்த வீட்டில் இருந்து முதல் தடவையாக ஒரு கையெழுத்து வந்திருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த தாளில், எழுதியிருப்பது பொய் என்றும் தெரிந்தே, அதைப் போடுவதா?

“நான் போடமாட்டேன். அதுல நாமதான் திருடன்னு எழுதிக்கீது. கையெழுத்து போட்டா, திருடினவருக்கு அந்த நூறு புள்ளிய நாமே குடுத்த மாதிரி.”

திருப்பாலைவனத்தான் வெகுநேரம் படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தான். “அப்ப துட்டுக்கு எங்க போறது?” என்றான் கடைசியில். அவனும் போடப்போவதில்லை என்று அப்போது தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். நைனா வலை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“யாரு முறை அப்ப?”

“நம்ம முறை நைனா.”

“நம்ம முறைல நாம வல எறக்கினதுக்கு நாமே தண்டம் கட்டணுமா? எந்த ஊரு ஞாயம் இது?”

“கட்டலன்னா அவுரோடதுன்னு எழுதிக் குடுக்கணும்.”

“எழுதிக் குடுத்துட்டியா?”

“இல்ல.”

அவர் எழுந்து உள்ளே போனார். புது நைலான் வலைக்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். அந்த வருஷம் முழுவதும் ஒட்டுப்போட்ட பழைய வலையில்தான் ஏரிக்குப் போனார். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கொதிக்கிறது. திருப்பாலைவனத்தான் தன் சைக்கிளையும், கடை போடுவதற்காக வாங்கிவைத்திருந்த, கரண்ட் அளக்கிற மீட்டரையும் விற்றான். மிச்சத்தை மாடிவீட்டு வாப்பா கொடுத்தார்.

“கம்பெனி வெச்சா நட்டம் வரும், அது தாவல. நட்டத்துக்காவது ரசீது வாங்கினு வாங்க” என்றார்.

ரசீது கேட்டோம். முதலாளி கொடுக்கவில்லை. நோட்டுகளை எண்ணச் சொல்லி டீக்கார ஆளிடம் தள்ளினார். அந்த ஆள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் எண்ணினார். கையெழுத்துப் போடாத தாள் மேசைமேலேயே கிடந்தது. வெளிக்கூடத்தில் எங்கள் கேம் நான்கு டிவியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கே ஓடியது என்று கேள்வி. டிவியையும் கம்ப்யூட்டரையும் கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். நாங்களே எழுதிய கேமை, எங்கள் முறையில், நாங்கள் ஓட்டியதற்காகக் கொடுத்தது மூவாயிரத்து இருநூறு ரூபாய்.